மூன்றாம் கியரைப் பிடித்திருந்த கை

சென்ற வாரம் கண்டரமாணிக்கம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைக் கண்டேன். 'டிரைவர் ஒத்தக்கை கருப்பையா' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர் இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றார். அச்சிட்டவர்கள்மேல் எனக்குச் சினமில்லை. ஊர் அழைத்த பெயரைத்தானே போடுவார்கள்? அந்தப் பெயரை ஊருக்குக் கொடுத்தவர்மேல் சினம். அவருக்குத் துணைபோனவன்மேல் அதனினும் பெருஞ்சினம்; அவன் முகத்தைத்தான் நாள்தோறும் காலையில் மழித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் முதுகலை முடித்து, ஆசிரியர் பணி வாய்க்காமல், மானகிரிப் பக்கம் ஒரு குடிநீர்க் கேன் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். வண்டி எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று டிரிப் நோட்டில் எழுதுவது என் வேலை. வண்டியோ ஒரு பழைய பிக்கப். அதை ஓட்டியவர் கருப்பையா அண்ணன். காலையில் எஞ்சினை ஓடவிட்டு, கியர் போடாமல் நிறுத்தி, என்னைக் கூப்பிடுவார். அடியிலிருந்து மெல்லிய ஊளை கேட்கும். கிளட்சை மிதித்தால் அடங்கும். காலை எடுத்தால் மறுபடி எழும். "எஞ்சின் சத்தமில்ல புலவரே. கியர்பாக்ஸ்ல பேரிங்கு அழுவுது" என்பார். நண்பரே, உங்களிடம் பழைய வண்டி இருந்தால் நாளைக் காலையே இதைச் செய்து பாருங்கள். பாட்டைப் போட்டு அந்த ஊளையை மறைத்துவிடாதீர்கள்.

அதற்கடுத்து இரண்டாம் கியர் முரண்டு பிடித்தது. வண்டி சூடேறும்வரை கறகறவென்று அரைத்துக்கொண்டுதான் மாறும். நிறுத்துமிடத்து மணலில் எண்ணெய்ச் சொட்டுகள் தோன்றின. அதைத் தொட்டு என் மூக்கருகே நீட்டுவார். அழுகிய பூண்டின் நாற்றம். இன்றும் வீட்டில் பூண்டு உரித்தால் நான் கூடத்துக்கு எழுந்து போய்விடுவேன். வேலைக்குச் சோம்பி ஓடுவதாக என் மனைவி நினைக்கிறாள். விரலை வெயிலில் திருப்பினால் பொன்துகள்போல் பித்தளைப் பொடி மின்னும். உள்ளே பல்லும் வளையமும் தேய்ந்து கரைகின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எல்லாவற்றையும் நோட்டின் குறிப்புப் பத்தியில் எழுதச் சொன்னார். நானும் புலமையைக் காட்டி, 'மூன்றாம் பற்சக்கரம் நிலைகொள்ளாது நழுவுகின்றது' என்று எழுதி, உரக்கப் படித்தும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "கியர் விழுகுதுன்னு எழுதுங்க. இதப் பாத்தா முதலாளி தேர்ச்சக்கரம்னு நெனச்சு சூடம் காட்டப் போறாக."

முதலாளி சூடமும் காட்டவில்லை, மெக்கானிக்கிடமும் காட்டவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மூன்றாம் கியர் கழன்றுகொள்ளத் தொடங்கிய பின், கருப்பையா அண்ணன் நேரே போய் முறையிட்டார். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றேன். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புடிச்சுக்கிட்டே ஓட்டுனா விழாது. ரெண்டு கை எதுக்கு இருக்கு ஒனக்கு?"

அன்று மட்டும் நான் தமிழைத் திருத்தவில்லை. அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதினேன்.

அன்றுமுதல் கருப்பையா அண்ணன் இடக்கையால் கியரைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஓட்டினார். திருக்கோஷ்டியூர்த் திருவிழாவுக்குக் கேன் ஏற்றிச் சென்ற நாளில், வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை எவ்வளவுதான் ஒடிக்க முடியும்? வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. சைக்கிளில் வந்தவரின் கால் முறிந்தது. கண்டவர் அனைவரும் டிரைவர் ஒரு கையால்தான் ஓட்டினார் என்றார்கள். பொய்யில்லை. திமிரில் அப்படி ஓட்டினான் என்று முதலாளி ஊரெங்கும் சொன்னார். அது முழுப்பொய்.

மறுநாள் காலை முதலாளி என் மேசைக்கு வந்தார். "அந்த நோட்ட இங்குட்டுக் குடு" என்றார், அவ்வளவுதான். மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. எடுத்துக் கொடுத்தேன். கேன் கழுவும் தொட்டியில் அதை அமிழ்த்தினார். நீல மை புகைபோல் பரவியது. அன்றும் கேன்களை அந்தத் தொட்டியில்தான் கழுவினோம்.

மூன்றாம் நாள் கருப்பையா அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். இனி எவரும் தம்மை நம்பி வண்டியை ஓட்டத் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "முதலாளி சொன்னத எழுதுனீகள்ல புலவரே? அந்த நோட்டு ஒண்ணு போதும் எனக்கு."

முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. "அப்படி ஒண்ணும் எழுதலயேண்ணே" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒங்க தமிழு எனக்கு வெளங்கல போலருக்கு. எழுதிட்டீகன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த நிறுவனம் இப்போது இல்லை. ஆழ்துளைக் கிணறு உப்பேறியதும் மூடிவிட்டார்கள். பிக்கப்பைப் பழைய இரும்புக் கடையில் அறுத்தார்கள். நோட்டு கூழாயிற்று. அதில் கருப்பையா அண்ணனுக்கு ஒருமுறை கேட்டாலே விளங்கக்கூடிய வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் இல்லை என்றேன்.