ராக்காயி பார்த்து வைத்த ஆறு

போன செவ்வாய்க்கிழமை காலை பதுளையில் என் துணிக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஹாலிஎலவிலிருந்து காய்கறி ஏற்றிவந்த வண்டிக்காரர் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்: “நானா, ராக்காயி அம்மா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம்.” பாதி திறந்த கதவை மறுபடி சாத்திவிட்டு அதே வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் அந்தப் பழைய கதையைப் பேசினீர்கள். “அதிர்ஷ்டக்காரி, ஆறே வழி விட்டுச்சு” என்றீர்கள். துக்க வீட்டில் மறுத்துப் பேசக் கூடாது என்று சும்மா இருந்தேன். இப்போது சொல்கிறேன். ஆறு யாருக்கும் வழி விடவில்லை. நான் கூடவே இருந்தவன்.

அப்போது எனக்குக் கடை கிடையாது. துணி மூட்டையைச் சுமந்துகொண்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய் விற்பேன்; முஸ்லிம் வியாபாரி என்பதால் எல்லோருக்கும் நான் நானா, அதாவது அண்ணன். ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில், ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மலை சரிந்து வண்டிப் பாதை போய்விட்டது. பாலமும் போய்விட்டது. அந்தச் சரிவில்தான் ராக்காயியின் கணவர் சடையனின் வலது காலில் பாறை விழுந்தது. அவர் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால் வெட்டுகிறவர். மூன்றாம் நாள் பாதம் கறுத்து, வாடை வர ஆரம்பித்தது.

பாதை சரியாகும்வரை யாரும் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்தார். மீறினால் பேர் வெட்டு, அதாவது வேலை போகும்; வழக்கும் வரும். கங்காணி லயத்து வாசலில் நின்று அதை ராக்காயிக்குச் சொன்னார்: “ஆத்துல கீத்துல எறங்கிறாத புள்ள. செத்தா யாரு பதில் சொல்றது?”

“லயத்துல செத்தா யாருங்க பதில் சொல்லுவாங்க?” என்று கேட்டார் ராக்காயி. கங்காணி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பிற்பகல் ராக்காயி என்னிடம் வந்தார். தோட்டத்திலிருந்து கீழே பதுளை ரோட்டுக்கு ஓயா என்கிற அந்த ஆற்று வழியாக மூன்று மைல் இருக்கும். மூங்கில் தெப்பம் கட்டிக் கணவரைக் கொண்டுபோக வேண்டும், இன்னொரு கழிக்கு ஆள் வேண்டும் என்றார்.

“என்னையா கூப்பிடுற தங்கச்சி? எனக்கு நீந்தத் தெரியாதே!”

“எனக்கும் தெரியாது. அதனாலதான் நல்லா பாத்துட்டு எறங்கணும்ங்கிறேன். லயத்து ஆம்பளைங்க வந்தா பேர வெட்டிருவாங்க. ஒங்க பேரு தோட்டத்து செக்ரோல் புத்தகத்துல இல்ல. என்னத்த வெட்டுவாங்க?”

மறுநாள் முழுக்க, அடுத்த நாளும் பாதி, நாங்கள் கரையோரமாக நடந்தோம். என் மூட்டையில் இருந்த சிவப்புத் துணியைக் கிழித்து, வாழை மரத் துண்டுகளில் கட்டி ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டார். நான் கீழே நின்று எது எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். யானை முதுகு போன்ற கறுப்புப் பாறையின் வலப்பக்கம் போன மூன்று துண்டுகள் கீழே வந்து சேரவே இல்லை. இடப்பக்கம் விட்ட நான்கும் வந்தன. “அப்ப எடப்பக்கந்தான்” என்று மட்டும் சொன்னார். நீர் குதித்து விழும் ஓரிடத்தில் தெப்பமே போகாது. அங்கே கரையேறி, சடையனைத் தூக்கிக்கொண்டு, தெப்பத்தைக் கயிற்றில் இறக்குவது என்று முடிவு செய்தார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. போகும் வழியைப் பார்த்ததைவிட, நிற்கும் இடங்களைத்தான் அவர் அதிகம் பார்த்தார். பாறைக்குப் பின்னால் தண்ணீர் வேகம் இழந்து கிடக்கும் ஒதுக்கங்கள். ஐந்து இருந்தன. அவற்றை வரிசையாக என்னைப் பத்துத் தடவையாவது சொல்ல வைத்தார். “சந்தேகம்னா ஒதுங்கணும் நானா. வீரம் காட்டக் கூடாது.”

கரையில் ஒரு கல்லில் கோடு கிழித்து, தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே இறங்கும்வரை காத்திருந்தார். சடையன் வலியில் கத்தினார். “இப்பவே கொண்டு போடி!” ராக்காயி கயிறு முறுக்கிக்கொண்டே இருந்தார். ஆற்றில் இறங்கவில்லை.

மறுநாள் விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு இறங்கினோம். சடையனைத் தெப்பத்தில் கட்டவில்லை; கவிழ்ந்தால் கட்டு கொன்றுவிடும் என்றார். கறுப்புப் பாறையை இடப்பக்கம் தாண்டியபோது நான் கலிமா சொன்னேன், அவர் என்னைத் திட்டினார்: “வாய் பேசட்டும், கை கழியில இருக்கட்டும்!” நான்காவது ஒதுக்கத்தை நெருங்கும்போது, முந்தின நாள் இல்லாத ஒரு மரம் ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்தது. அதில் மோதியிருந்தால் மூன்று பேரும் அடியில் போயிருப்போம். “ஒதுங்கு!” என்ற அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒதுங்கினோம். சடையனை முதுகில் சுமந்து மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், தெப்பத்தை இழுத்துவந்து, மறுபடி இறங்கினோம். மதியத்துக்கு முன் ரோடு. சாயங்காலம் பதுளை ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. ஒற்றைக் காலோடு சடையன் பதினெட்டு வருஷம் வாழ்ந்து, வீட்டு வாசலில் கூடை முடைந்து, எல்லோரோடும் சண்டை போட்டு, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டு ஓடியதாக ராக்காயி மேல் துரை வழக்குப் போட்டார். தப்பு என்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நீதிமன்ற வாசலில் எல்லோரும் ராக்காயிக்குச் சொன்னோம். நானும் சொன்னேன். உள்ளே போனார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “போகக் கூடாதென்று தெரியுமா?”

“தெரியுங்க. தெரிஞ்சு, ரெண்டு நாளு ஆத்தப் பாத்துட்டுத்தான் போனேன். இன்னொரு தடவ வந்தாலும் போவேன்.”

பதினான்கு நாள் மறியல், அதாவது சிறை. வெளியே வந்தவர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. ஹாலிஎலவில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார். உங்களுக்குத் தெரிந்த ராக்காயி அம்மா அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

அந்தப் பதிலை நான் சாட்சிகள் நிற்கும் இடத்திலிருந்து கேட்டேன். அதுவரை துரைமாரின் குதிரை எதிரே வந்தால், எவ்வளவு மழையானாலும் மரியாதைக்காகக் குடையை மடக்கிக்கொண்டு நிற்பேன். அதன் பிறகும் ஓரமாக நின்று வழி விட்டிருக்கிறேன். குடையை மடக்கியதில்லை. இரண்டு தோட்டங்களில் இனி உள்ளே வராதே என்றார்கள். போகவில்லை. இன்று எனக்கு வயதாகிவிட்டது, மழையில் வெளியே போவதே அபூர்வம். ஆனாலும் போனால் என் குடை விரிந்தே இருக்கும். அவர் எனக்கு விட்டுப்போனது அது.