இடம் மாறிய வெள்ளைக் கல்

வேகனின் பக்கவாட்டு ஏணியைப் பிடித்துத் தொங்கியபடி, ஒரு கையை அகல நீட்டிக்கொண்டு சிரித்த அந்த மனிதரின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்காக நாங்கள் வடிவமைத்த சரக்கு யார்டில் அன்றுதான் முதல் ஓட்டம். அவர் ஷண்டர், வேகன்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும், பக்கத்தில் தொற்றிக்கொண்டே இன்ஜின் டிரைவருக்குக் கொடி காட்டுவதும் அவர் வேலை. சத்தியவேடு பக்கத்துத் தமிழர். “மேடம், என் தொப்பை இடிக்காம போவுதான்னு பாத்துக்கினு சொல்லுங்க” என்று கத்தினார். இரண்டு பாதைகளுக்கும் நடுவே நின்றிருந்த மேடம் சிரிக்கவில்லை. வேகன் மெல்ல நகர்ந்து, ஷண்டரின் விரல் நுனிக்கும் அடுத்த பாதையில் நின்ற வேகனுக்கும் இடையே தாராளமாக இடம் இருப்பதைக் கண்ட பிறகுதான் அவர் முகம் தளர்ந்தது.

மேடம் நகரிக்காரர். வீட்டில் விசைத்தறி ஓடும் சத்தத்திலேயே படித்து இன்ஜினியரானவர். திருப்பதியில் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவர் கணக்குப் போடுவார், நான் கம்ப்யூட்டரில் வரைவேன். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டும் உடனே விலகிவிடுவதில்லை. கொஞ்ச தூரம் ஒட்டியேதான் போகும். அந்த இடத்தில் ஒரு வேகன் நின்றால், பக்கத்துப் பாதையில் வருவது அதில் உரசும். அதனால் போதுமான இடைவெளி கிடைக்கும் புள்ளியில் வெள்ளையடித்த ஒரு கல்லை நடுவார்கள். எந்த வேகனும் அந்தக் கல்லைத் தாண்டிப் பிரிவின் பக்கம் நிற்கக் கூடாது. அந்தக் கல்லின் இடத்துக்காக மேடம் என்னைத் திரும்பத் திரும்ப வரைய வைத்திருக்கிறார். நான் சலித்துக்கொண்டால், “இது கோடு இல்லப்பா, ஒரு ஆள் ஒடம்பு போற வழி” என்பார்.

தொழிற்சாலைக்குக் கூடுதலாக ஒரு வேகன் நிறுத்த வேண்டியிருந்தது. பாதையை மறுமுனையில் நீட்டலாம். ஆனால் அங்கே ஒரு மாந்தோப்பு குறுக்கே இருந்தது. அதில் ஒரு துண்டு நிலம் வாங்க முதலாளிக்கு மனமில்லை. அதைவிடச் சுலபமான வழியொன்றை அவர்கள் கண்டுபிடித்தார்கள். கல்லைப் பிடுங்கிப் பிரிவுக்கு நெருக்கமாக நட்டுவிட்டார்கள். வேறு வேலையாக அங்கே போயிருந்த மேடம் அதைப் பார்த்ததும் நேராக மேனேஜரிடம் போனார். நானும் உடன் இருந்தேன்.

“பர்வாலேது மேடம், ஒண்ணும் ஆவாது, கொஞ்சம்தானே தள்ளி வெச்சிருக்கோம்” என்றார் மேனேஜர்.

“தள்ளி வெச்சது கல்லைத்தான் சார். தண்டவாளத்தைத் தள்ளி வெக்கலையே?”

மேனேஜர் டீ வரவழைத்தார். மேடம் தொடவில்லை. திருப்பதிக்குத் திரும்பியதும் எங்கள் அலுவலகத் தலைவரிடம் சொன்னார். “வரஞ்சு குடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சுதும்மா” என்றார் அவர். அடுத்த வாரமே மேடத்தைக் காளஹஸ்தி வேலைக்கு மாற்றினார்.

அந்த ஷண்டர் செத்தது ஒரு மத்தியானத்தில். எப்போதும்போல வேகனின் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்துப் பாதையில், இடம் மாறிய கல்லுக்குச் சரியாக உட்பட்டு நின்றிருந்த கடைசி வேகனின் மூலை அவரை நசுக்கிவிட்டது. விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது கல் மறுபடி பழைய இடத்தில் இருந்தது. எங்கள் வரைபடத்தில் இருந்த அதே இடம். கல்லைத் தாண்டி வேகனை நிறுத்தியவரே அந்த ஷண்டர்தான், அவருடைய அலட்சியம்தான் காரணம் என்றார்கள் தொழிற்சாலைக்காரர்கள்.

யாரும் கூப்பிடாமலே மேடம் அங்கே போனார். நானும் போனேன். பிரிவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஜல்லியைக் கையாலேயே ஒதுக்கி, மாற்றி நட்ட கல் இருந்த குழியைக் காட்டினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. “மழைக்கு மண்ணு எளகியிருக்கும். வதிலேயண்டி மேடம், விட்டுடுங்க” என்றார் விசாரணைக்கு வந்தவர்களில் ஒருவர். அந்தக் கோடையில் புத்தூரில் ஒரு சொட்டு மழை கிடையாது. நான் பார்த்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஷண்டரின் மனைவி வாயைத் திறந்திருந்தால் வழக்காவது நிலைத்திருக்கும். கல்லை நகர்த்தியதைப் பற்றிக் கணவர் வீட்டில் புலம்பியிருந்தாராம். மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவைத் தேடிப் போனார். வாசலில் நிற்கவைத்தே அந்த அம்மா பேசினார். “நீங்க நல்லவங்கதான், இல்லன்னு சொல்லல. கம்பெனி கேன்டீன்ல எனக்கு வேலை குடுக்குறாங்கோ. நாளைக்கு எம் புள்ளைங்க என்னாத்த துன்னும்? அதுங்க நைனா செத்தது யாராலன்னு சொல்லிக்கினு இருந்தா வயிறு ரொம்புமா?” மேடம் பஸ்ஸில் வரும்போது, “அந்தம்மா மேல எனக்குக் கோவம் வரலப்பா. வந்தாக்கூட நல்லா இருக்கும்” என்றார்.

எங்கள் இருவருக்கும் அந்த அலுவலகத்தில் அதன்பின் வேலை இருக்கவில்லை. நான் பலமனேரில் ஒரு சாலைப் பணியில் சேர்ந்தேன். ரயில் பாதை வேலை செய்யும் எந்த அலுவலகமும் மேடத்தை எடுக்கவில்லை. எப்படியோ எல்லோருக்கும் அவர் பெயர் தெரிந்திருந்தது. சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கத்து அறையில் இப்போது வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறார். யார்டைப் பற்றி விசாரித்தேன். கல் சரியான இடத்தில் இருக்கிறதாம். வேகன்கள்தான் அதைத் தாண்டி நிற்கின்றனவாம்.

போன மாதம் அந்த அறைக்குப் போயிருந்தபோது மேடத்தின் தலை முழுக்க நரைத்திருந்தது. ஷண்டரின் மனைவி வந்துபோனதாகச் சொன்னார். விலை குறைவென்று ரயில் பாதையோரம் ஒரு சின்ன மனை வாங்கியிருக்கிறாராம். பிளான் போட வேறு யாரையும் தெரியாதாம். பழைய பேச்சு எதையும் எடுக்காமல், ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார்: “ரயிலு போற பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது மேடம்.”

“அந்தப் பக்கம் முழுசும் செவுருதான் போட்டேன். ஒரு ஜன்னல்கூட வெக்கல” என்றார் மேடம், பென்சிலைச் சீவிக்கொண்டே. “இதயாவது நான் வரஞ்ச மாதிரியே கட்டுவாங்களான்னு பாப்போம்.”