மூட்டத்துப் புகை

இராமநாதபுரத்திலிருந்து நயினார்கோவில் போகும் சாலையில், புகையைப் பார்த்துக் காரை நிறுத்துகிறேன். சீமைக்கருவேல விறகைக் குவியலாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே ஈரமண் பூசிக் கரி மூட்டம் போட்டிருக்கிறார்கள். உச்சி வெயில்.

நான் வேலை பார்க்கும் இரும்பாலையில் நிலக்கரியைக் குறைத்து இந்த மரக்கரியைப் போடலாமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். வெட்டிய சீமைக்கருவேலம் மறுபடி துளிர்த்து, உலை விட்ட புகையை உறிஞ்சிக்கொள்ளும் என்பது ஆலையின் வாதம்.

ஏணியைச் சாய்த்து ஏறி நிற்கும் முனியம்மாள், மூட்டம் விரிசல் விட்ட இடத்தில் சேற்றை அப்புகிறார். உள்ளே காற்று போனால் மொத்த விறகும் சாம்பல்தான்.

“எப்பம்மா பிரிப்பீங்க?”

“வெள்ளப் புகை நின்னு நீலமா வரணும் சார். அப்பத்தான் வெந்துருச்சுன்னு அர்த்தம்.” இருமல் அடங்கியதும் கேட்கிறார்: “ஆலைக்கு இந்தக் கரி எதுக்கு?”

“அங்க புகையைக் குறைக்கத்தான்.”

“சரித்தான். அதை இங்கன அனுப்பி வச்சுட்டீகளாக்கும்.” சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

கையிலிருக்கும் படிவத்தைப் புரட்டுகிறேன். மரத்தைப் பற்றி, லாரியைப் பற்றி, உலையைப் பற்றியெல்லாம் கேள்வி இருக்கிறது. மூட்டத்தைப் பற்றி ஒன்றுமில்லை. ‘மூட்டத்துப் புகை’ என்று ஓரத்தில் பேனாவால் எழுதிவைக்கிறேன்.

காற்று திரும்பிப் புகை முகத்தில் அடிக்கிறது. நான் நாலடி தள்ளிப்போய் நிற்கிறேன். முனியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நிற்கிறார். விரிசல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.