தேவைக்கேற்ப

ரூஹிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பூந்தமல்லியில் அவள் தெருவுக்கே தெரியும். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்தவர்களோடு சண்டை, காஸ் சிலிண்டரை வாசலிலேயே உருட்டிவிட்டுப் போனவனோடு சண்டை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்த்த ஆபீசில் அவளைப்போலப் பொறுமைசாலி கிடையாது. ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாக எழுதிப்பார்த்து, படிக்கிறவன் எங்கே தடுமாறுவான் என்று யோசிக்கிற பொறுமை அது.

அந்தக் கம்பெனி தொழிற்சாலைகளுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைச் செய்து விற்றது. அதன் மேனுவலை எழுதுவது ரூஹி. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைத்து ஓட்டலாம். உள்ளே ஓடுவதற்கு கெஸ்ட் என்று பெயர். அந்த கெஸ்டை இடையில் நிறுத்திவைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டால், அதன் கடிகாரம் விட்ட இடத்திலிருந்துதான் ஓடும். நிறுத்திவைத்த நேரமெல்லாம் அதன் கணக்கில் இல்லை. அதைச் சரிசெய்ய ஒரு செட்டிங் இருக்கிறது, ஆனால் அது தானாக வேலை செய்யாது. 'இதை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் கெஸ்டின் நேரம் பின்தங்கிவிடும்' என்று பளிச்சென்று எழுதியிருந்தாள்.

டீம் தலைவர் உதயகுமார் அதை வெட்டினார். 'நேர அமைப்பைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்' என்று போட்டார்.

"யாரோட தேவைக்கு சார்? என்னன்னு மாத்தணும்?"

"இதெல்லாம் கம்ப்யூட்டர் பாக்கிற அட்மினுக்குத் தெரியும்மா. இப்படிப் பச்சையா எழுதினா நம்ம சாஃப்ட்வேர்ல குறை இருக்கிற மாதிரி தெரியும்."

அப்படியே அச்சாகிப் போனது.

சில மாதம் கழித்து மண்ணூர்பேட்டையில் அந்த சாஃப்ட்வேரை வாங்கியிருந்த ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மதியம் கரண்ட் போனது. அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ராகேஷ், வருகைப்பதிவு ஓடும் கெஸ்டை பேட்டரி தீர்வதற்குள் நிறுத்திவைத்து, கரண்ட் வந்ததும் மறுபடி ஓடவிட்டான். கடிகாரம் முக்கால் மணி நேரம் பின்தங்கியது. யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு விரல் வைத்துவிட்டுப் போனவர்களெல்லாம் நாலேகாலுக்கே நழுவியதாகப் பதிவானது. வாரக் கடைசியில் பார்த்தால், சீக்கிரம் போனதாகக் கணக்காகி எல்லாருக்கும் தினமும் அரைநாள் லீவு. கடிகாரக் கோளாறு தெரிந்ததும் ராகேஷுக்கு மெமோ.

புகாரை விசாரிக்க உதயகுமார் கிளம்பியபோது ரூஹியையும் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததுமே பொன்னியம்மா என்ற தொழிலாளி வழிமறித்தாள்.

"அஞ்சு மணி வரிக்கும் மெசின்ல நின்னுகினு இருந்தேன். நாலேகாலுக்கே ஊட்டுக்குப் பூட்டேன்னு காட்டுது. நான் இன்னா வேலைக்கு டபாய்க்கிறவளா?"

உள்ளே, மேனேஜர் அறையில் உதயகுமார் குரலில் தேன் ஒழுகியது. "எங்க பக்கம் தப்பில்ல சார். மேனுவல்ல தெளிவா இருக்கு. உங்க ஆள் படிக்கல."

ஓரமாக நின்றிருந்த ராகேஷுக்கு முகம் கறுத்தது. "படிச்சேன் சார். தேவைக்கேற்பன்னு போட்டுக்கீது. இன்னா தேவைன்னு நான் யாராண்ட போய்க் கேக்கறது?"

"அதெல்லாம் அனுபவத்துல வரணும்ப்பா," என்றார் உதயகுமார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான். ரூஹிக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

"தப்பு அவர்மேல இல்ல சார்," என்றாள் மேனேஜரைப் பார்த்து. "என்ன செய்யணும்னு நான் தெளிவா எழுதியிருந்தேன். இவர் வெட்டினார். தேவைக்கேற்பங்கிறது இவர் போட்டது. வெட்டினப்பவே நான் கத்தியிருக்கணும். அந்த மெமோவ வாபஸ் வாங்குங்க."

"ரூஹி! கஸ்டமர் முன்னாடி பேசற பேச்சா இது?"

"வேற எங்க பேசறது? ஆபீஸ்ல பேசினேனே, காதுல வாங்கினீங்களா?"

மெமோ வாபஸானது. அரைநாள் லீவுகளும் அழிந்தன. ரூஹியை மறுவாரமே விளம்பரப் பிரிவுக்குத் தூக்கிப்போட்டார்கள்.

அத்தா அப்துல் கையூம் பம்ப்செட் பட்டறையை மூடிவிட்டு வந்து, சாப்பிடும்போது மகளிடம் கேட்டார். "நியாயம்தாம்மா. அதைக் கொஞ்சம் பதவிசா சொல்லியிருக்கக் கூடாதா?"

"அந்தப் பொன்னியம்மாவ ஒரு வாரமா வேலைய விட்டு ஓடறவங்கன்னு எழுதி வெச்சிருந்தாங்க அத்தா. அதுல எங்க இருக்கு பதவிசு?" தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனாள்.

திருத்திய மேனுவல் வெளியானது. ரூஹி முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவள் வாக்கியம் திரும்பி வந்திருந்தது, முன்னால் புதிதாக ஒரு சொல்லோடு: 'பொதுவாக இதை ஆன் செய்யுங்கள்.'

விளம்பரப் பிரிவிலிருந்து விடுவிடுவென்று மாடியேறிப் போய் உதயகுமார் மேஜை முன் நின்றாள்.

"அந்தப் 'பொதுவாக'வ எடுங்க சார். எப்ப வேணாம்னு படிக்கிறவன் யாரைக் கேப்பான்?"

"நீ இப்ப இந்த டீம்லயே இல்லம்மா."

"தெரியும். எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அவளும் விடவில்லை. திங்கட்கிழமைதோறும் மாடியேறிப் போய்க் கேட்கிறாள்.