நாற்பதாயிரம் பேர் பார்த்த சாவி

அந்தத் தெருவில் கொத்துச்சாவி என்று கூப்பிட்டால் ஒரு பெண்மணி திரும்பிப் பார்ப்பாள். வயது ஐம்பதுக்கு இரண்டு குறைவு. இடுப்பில் தொங்கும் சாவிகளின் சத்தம் அவளுக்குப் பத்தடி முன்னால் நடக்கும். அவள் தெருமுனையில் திரும்பினாலே பூட்டிய கதவுகள் பயந்து தாமாகத் திறந்துகொள்ளும் என்பார்கள். அதில் பாதியையாவது நம்பலாம்.

இருபத்திரண்டு வருடமாகச் சாவி வெட்டுகிறாள். வெட்டி முடித்த சாவியை மேஜைமேல் வைக்க மாட்டாள். பல்வரிசையை உள்ளங்கையால் மூடி, உரியவர் கைக்குள் நேராகத் திணிப்பாள். சாவியின் பல்லைப் பார்த்த மாத்திரத்தில் அதேபோல் இன்னொன்று வெட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் உண்டு. அவளே அப்படி ஒருத்தி.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவோடு ஒரு புதுச் சாவிக்கடை வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அந்தக் கடைக்குப் போனில், படம் போடுகிற செயலி ஒன்றில், ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்துக் கூட்டம் அங்கே போனது. கொத்துச்சாவிக்கு ஒரு நாத்தனார். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை, வாய் மட்டும் தலைமையாசிரியர். அவள் அண்ணி கடைக்கும் ஒரு பக்கம் தொடங்கி, யாரும் கொடுக்காமலே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

முதலில் புகைப்படம் போட்டார்கள், ஆட்கள் வந்தார்கள். மூன்றே மாதத்தில் செயலி புகைப்படங்களை யாருக்கும் காட்டாமல் விட்டது. இனி வீடியோதான் என்றாள் நாத்தனார். எடுத்தார்கள். நீளம் ஆகாது, அரை நிமிடம் போதும் என்றாள். சுருக்கினார்கள். பாட்டு வேண்டும் என்றாள், சேர்த்தார்கள். பாட்டைத் தூக்கு, பேச்சுத்தான் ஓடுகிறது என்றாள். கொத்துச்சாவி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். மாமியாராகப் பிறந்திருக்க வேண்டிய செயலி அது. எப்படிச் சமைத்தாலும் உப்பு சரியில்லை என்றது.

இந்த வாரத்துச் சட்டம் வேறு. முதல் மூன்று நொடிக்குள் பளபளவென்று ஒரு பொருள் தெரிய வேண்டும், மிகக் கிட்டத்தில், துல்லியமாக. பின்னால் நிஜமான இடமும் நிஜமான வாடிக்கையாளரும் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டு டீச்சர் வீட்டில் பூட்டு மாற்றும் வேலை வந்தது. நாத்தனார் விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே போனாள். கட்டடத்தின் பெயர்ப்பலகையில் தொடங்கி மாடிப்படி வழியாகப் படமெடுத்தாள். வேலை முடிந்ததும் கொத்துச்சாவி புதுச் சாவியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவளுடைய இருபத்திரண்டு வருடத்துப் பழக்கமும் அந்த மூன்று நொடிக்கு விடுப்பில் போயிருந்தது. பின்னால் டீச்சர் சிரித்தார். டீச்சருக்குப் பின்னால் கதவு எண் பளிச்சென்று இருந்தது. அந்தத் துண்டைத்தான் நாத்தனார் வெட்டி வீடியோவின் முன்னால் ஒட்டினாள்.

மதியம் இரண்டு மணிக்கு நாத்தனார் கடைக்குள் மூச்சிரைக்க வந்து நின்றாள். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். எதிர்க்கடைக்காரன் ஜென்மத்தில் பார்க்காத எண்ணிக்கையாம்.

கொத்துச்சாவி தன் வீடியோவைத் தானே பார்க்க மாட்டாள். சொந்தக் குரல் அவளுக்குக் கூச்சம். அன்று ஆசை விடவில்லை. சாவி மின்னுகிற அழகைக் காட்ட நாத்தனார் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். திரை முழுக்கச் சாவி.

கொத்துச்சாவியின் உதடுகள் தாமாக எண்ணின. மூன்று, ஐந்து, ஒன்று, நான்கு, இரண்டு. ஐந்து பல், ஒவ்வொன்றும் வெட்டிய ஆழத்துக்கு ஓர் எண்.

"இதைப் பாத்தே நான் ஒரு சாவி வெட்டிடுவேன்."

"வெட்டுங்களேன் அண்ணி, யாரு வேணாங்கறது?"

"நான் மட்டுமா வெட்டுவேன்?"

நாத்தனாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வீடியோவுக்குக் கீழே வரிசையாகப் பாராட்டுகள் இருந்தன. நடுவில், படமும் பெயரும் இல்லாத யாரோ ஒருவர் வார்த்தையே எழுதாமல் ஐந்து எண்களை மட்டும் போட்டிருந்தார். 3 5 1 4 2.

அழி என்றாள் கொத்துச்சாவி. போன வாரம்தான் செயலி தன் பொத்தான்களையெல்லாம் இடம் மாற்றியிருந்தது. நாத்தனார் தேடித் தேடி அழித்து முடிக்கப் பத்து நிமிடம். அதற்குள் முந்நூறு பேருக்கு மேல் பிறருக்கு அனுப்பியிருந்தார்கள். கொத்துச்சாவி திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் டீச்சரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் அவர் எடுக்க மாட்டார். வீடு திரும்ப நான்கு மணி ஆகும்.

பையில் ஒரு புதுப் பூட்டைப் போட்டுக்கொண்டு கொத்துச்சாவி நடந்தாள். நடையா அது, ஓட்டம். நாத்தனார் பின்னாலேயே வந்து காதைக் கடித்தாள். பூட்டில் குறை இருந்தது என்று சொல்லி மாற்றிவிடலாம், உண்மையைச் சொன்னால் எதிர்க்கடைக்காரன் நாளைக்கே அதை வைத்து ஒரு வீடியோ போடுவான், இருக்கிற நாலு ஆளும் போய்விடும் என்றாள். கொத்துச்சாவி வேகத்தைக் குறைக்கவில்லை. அவளுக்கும் அதே பயம்தான்.

மூன்றாம் மாடியில், டீச்சர் வீட்டுக் கதவுக்கு முன்னால் ஒருவன் நின்றான். கையில் போன். போனைப் பார்த்தான், கதவு எண்ணைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"யாரு வேணும்?"

அவன் திடுக்கிட்டான். "ஒண்ணுமில்லங்க. வீடியோ பாத்தேன். பூட்டு வேலை நல்லா இருந்துச்சான்னு கேக்கலாம்னு..."

"வேலை செஞ்சவ நான்தான். என்னையே கேளுங்க."

அவன் எதையும் கேட்கவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று படியிறங்கினான். நல்லவனா கெட்டவனா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் கதவைத் திறப்பது அவளுக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் ஆளில்லாத வீட்டுக்குள் அவள் கால் வைத்ததில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கீழே ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கை பையிலிருந்த சுத்தியலுக்குப் போய்வந்தது. நாத்தனார் படிக்கட்டில் காவல் நின்றாள், வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறக்காமல்.

டீச்சர் வந்தபோது மணி நாலரை. நாத்தனார் கண்ணால் கெஞ்சினாள். கொத்துச்சாவி எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னாள், படியிறங்கிப் போனவன் உட்பட.

டீச்சர் பையிலிருந்து தன் சாவியை எடுத்து அதன் பல்லைப் பார்த்தார்.

"அப்போ என் வீட்டுச் சாவி நாப்பதாயிரம் பேர் கையில இருக்கு."

"ஆமா டீச்சர். தப்பு என்னோடதுதான்."

"போன்ல நானும்தானே பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். மாத்து." பிறகு பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை சாவியக் காட்டியிருக்கே?"

அந்தக் கேள்வி கொத்துச்சாவியின் மண்டையில் உதிக்கவே இல்லை. பூட்டை மாற்றி முடித்த கையோடு அண்ணியும் நாத்தனாரும் டீச்சர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பதினெட்டில் இரண்டில், உள்ளங்கை மூடுவதற்கு முன்னால் சாவி தெரிந்தது. ஒன்றில் ஐந்து பல்லும் படித்தாள். இன்னொன்றில் நான்கு, ஐந்தாவதை ஊகித்து வெட்டிவிடலாம், நான்கு போதும். புதுப் பூட்டுகளோடு அந்த இரண்டு வீட்டுக்கும் போனார்கள்.

முதல் வீட்டு அம்மாள் பயந்து அழுதார், பிறகு தண்ணீர் கொடுத்தார். இரண்டாம் வீட்டுக்காரர் கத்தியது தெருவுக்கே கேட்டது. உன் விளம்பரத்துக்கு என் வீடுதான் கிடைத்ததா, இனி எதிர்க்கடைக்குத்தான் போவேன், எல்லாரிடமும் சொல்வேன் என்றார். சொல்லுங்கள், சொல்ல வேண்டியதுதான் என்றாள் கொத்துச்சாவி. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பழைய பூட்டின் முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள்.