பர்ஹா டீச்சர் போட்ட சட்டம்

பர்ஹாவைப் பற்றிக் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாட்டுக்காக உதைபந்தாடியவள். ஆட்டத்தில் முழங்கால் போனபோது மூலையில் குந்திவிடாமல், புலமைப்பரிசிலில் ஜப்பான் போய்க் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியவள். இப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிறாள். சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவாள். அங்கே சிறுமிகளுக்கு முதலில் கணக்கு, பிறகு பந்து. எல்லாம் இலவசம்.

இவ்வளவும் உண்மை. ஆனால் அவள் வெட்கித் தலைகுனிந்த கதையைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வீட்டுக்குத் தெரியாமல் ஒருத்தியும் பந்து விளையாட வரக்கூடாது என்று பர்ஹா ஒரு சட்டம் வைத்திருந்தாள். அங்கே நன்றாக ஆடுகிறவள் றிப்னா. பதின்மூன்று வயது. வீட்டில் கணக்கு வகுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள். அது தெரியவந்ததும் பர்ஹா அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"உம்மா வாப்பாக்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்க. பொய் சொல்லிட்டு வாற பிள்ளை எனக்குத் தேவல்ல."

றிப்னா சொன்னாள். அவளுடைய வாப்பா நிஸாம், புதுக்கடைப் பகுதியில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், பந்தையும் நிறுத்தினார், கணக்கையும் நிறுத்தினார். நேர்மையாக இருந்தால் கொஞ்சம் நட்டம் வரத்தான் செய்யும் என்று பர்ஹா தன்னைத் தேற்றிக்கொண்டாள். நட்டம் யாருக்கு என்று மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே கொள்ளுப்பிட்டியிலிருந்து பர்ஹாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பந்து விளையாடியது தெரியக்கூடாதென்று, அவர்கள் வருமுன்பே உம்மா ருக்கியா, மகள் வென்ற கிண்ணங்களை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். மாப்பிள்ளையின் உம்மா ஜவாஹிறாவுக்குக் கண் கூர்மை. பர்ஹா ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பதைக் கண்டுவிட்டார்.

"படியில சறுக்கி விழுந்த," என்றார் வாப்பா அலவி, முந்திக்கொண்டு.

ஜவாஹிறா பர்ஹாவின் பக்கம் திரும்பினார். "அப்பிடியா மகள்?"

"ஓம் மாமி. படியில."

ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. பின்னேரமே சம்மதம் என்று போன் வந்தது. வீடு சிரித்தது. பர்ஹாவுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூசியது. அந்தச் சின்னப் பிள்ளை பெற்ற தகப்பனுக்கு முன்னால் வாய் திறந்தாள். கலாநிதி அம்மையாருக்கோ கேக் சாப்பிட வந்த ஒருவருக்கு முன்னால் உண்மை சொல்ல நாக்கு எழவில்லை.

மனம் கேட்காமல் அடுத்த சனிக்கிழமை நிஸாமின் வீட்டுக்குப் போனாள். றிப்னாவைத் திரும்ப அனுப்பும்படி கெஞ்சினாள். நிஸாம் மரியாதையாகவே கதைத்தார்.

"விளையாட்டைப் பிழை எண்டு நான் சொல்லல்ல டீச்சர். நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேச வாறவங்க அதைச் சொல்லித் தட்டிக் கழிப்பாங்க. அந்தப் பயம்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்குப் பேசி முடிச்சாச்சாமே. நீங்க பந்து விளையாடின ஆள் எண்டு தெரிஞ்சுதானே அவங்க சம்மதிச்ச? அப்பிடி எண்டாச் சொல்லுங்க, இப்பவே இவளை உங்களோட அனுப்புறன்."

தேநீர் கொண்டுவந்த றிப்னா அப்படியே நின்றாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை இன்றைக்கே மைதானத்தில் நிற்பாள். பொய் சொல்வது ஒன்றும் பர்ஹாவுக்குப் புதிதில்லை.

"அவங்களுக்குத் தெரியா நானா," என்றாள், அவரை அண்ணன் முறை வைத்து. "படியில விழுந்த எண்டு பொய் சொல்லிட்டன்."

நிஸாம் ஏசவில்லை. "பாத்தீங்களா டீச்சர்," என்றார் மெதுவாக. "சரி, டீயைக் குடிங்க."

றிப்னா கோப்பையை நீட்டினாள்.

"அப்ப என்னை மட்டும் ஏன் டீச்சர் சொல்லச் சொன்னீங்க?"

அவள் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோப்பையை வாங்கிக்கொண்ட பர்ஹாவுக்கு நிமிர்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.