யாரும் வராத கல்யாணம்

ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வரவேண்டிய நண்பர்களை வரவிடாமல் செய்தவள் நான். பத்திரிகைகளை அவள் என் கையில்தான் கொடுத்தாள். அவற்றில் ஒன்றைக்கூட நான் உரியவர்களிடம் சேர்க்கவில்லை. மறந்துபோய் அல்ல... வேண்டுமென்றே!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் முழுதும் கேட்டுவிட்டு நினையுங்கள். அரைகுறையாகக் கேட்டால் என்மேல் இரக்கம் வந்துவிடும், அது எனக்கு வேண்டாம்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. வார நாட்களில் என்னோடு அதிகம் பேசுகிறவர் கீரைக்காரம்மாதான். அவரும் கீரையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். அன்றைக்கு என் மொட்டைமாடியில் ஒரு கூட்டம் கூடும். கேமராவுக்குப் பிரபு, மேக்கப்புக்குக் கல்பனா, மாடல்களாக நான்கு பேர். எல்லாரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறன்று மட்டும் மாடல் ஆகிறவர்கள். நான் ஒரு கற்பனையைச் சொல்வேன். அதற்கேற்ற உடை, இடம், வெளிச்சம், யார் எங்கே நிற்பது, எல்லாம் என் பொறுப்பு. ஒருமுறை கிரீடமும் பட்டும் தரித்த மகாராணிகள் தாம்பரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாக எடுத்தோம். "மகாராணி, ஏறறதுன்னா ஏறு, இல்லன்னா வழிய வுடு!" என்று ஒரு கண்டக்டர் கத்தினார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

அவர்கள் என்னை அக்கா என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். செய்தும் விட்டேன்.

நால்வரில் ஒருத்தி ஜெனிஃபர். மாடம்பாக்கம் பக்கம் வீடு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. நேரில் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருப்பாள். படத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அவளிடம் ஒரே தொல்லை, சிரிப்பு. சோகமான படம் என்றால் போதும், அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாததால் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம் பூட்டிக் கிடந்தது. பிரபுவுக்குத் தெரிந்தவருடையது, ஒரு நாளைக்குத் திறந்துவிட்டார். எனக்கு அப்போது தோன்றியதுதான் 'யாரும் வராத கல்யாணம்'. இலை போட்டுத் தயாராக இருக்கும் பந்தி. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவே மாலையும் கழுத்துமாக ஒரு மணப்பெண், வாசலையே பார்த்தபடி... எத்தனை நல்ல கற்பனை! இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மணப்பெண் ஜெனிஃபர். நாற்காலிகளுக்கு நடுவில் உட்காரவைத்து, "யாருமே வரலை, அதை நினைச்சுக்கோ" என்றேன்.

"ஐய, இன்னாக்கா இது! அப்போ அம்மாம் சோத்தையும் நான் ஒருத்தியே துன்னணுமா?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிரபு கேமராவைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களைச் சமையற்கட்டுப் பக்கம் அழைத்துப் போனேன். சாயங்காலம் வரை யாரும் அவளோடு பேசக்கூடாது என்றேன். அவள் கேட்டால் பதில் சொல்லக்கூடாது, முகத்தைக்கூடப் பார்க்கக்கூடாது. முடிந்ததும் உண்மையைச் சொல்லிக் கைதட்டிவிடலாம்.

"பாவம்க்கா, அவ தாங்க மாட்டா" என்றாள் கல்பனா.

"ஒரு நாள்தானே?" என்றேன்.

ஒரு நாள்தானே! பேச ஆளில்லாமல் இருப்பது என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? வாரத்தில் ஆறு நாளும் நான் குடிக்கிற கஷாயம் அது. அதைத்தான் தெரிந்தே அவள் வாயில் ஊற்றினேன்.

முதலில் அவள் விளையாட்டு என்றே நினைத்தாள். ஒவ்வொருவராகப் போய்ச் சீண்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை நீட்டினாள், யாரும் எடுக்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் வளையல்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே போய்க் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தாள்.

"எடு" என்று பிரபுவுக்குச் சைகை காட்டினேன்.

அந்தப் படத்தை நீங்கள்கூடப் பார்த்திருக்கலாம். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்; ஒரு போட்டியில் பரிசும் வந்தது. "இந்த நடிப்பை எப்படி வாங்கினீர்கள்?" என்று கேட்டவர்களிடம், "அது ஒரு இயக்குநர் ரகசியம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நடிப்பா அது!

சாயங்காலம் சொல்லியிருக்கலாம். பிரியாணி வந்திருந்தது, அவளுக்கென்று லெக் பீஸ்கூட எடுத்து வைத்திருந்தான் பிரபு. ஆனால் நான், "நீங்க கிளம்புங்க, நான் அவகிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டேன். நான் அவள் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"அக்கா... நான் எதுனா தப்பா பேசிட்டனாக்கா?"

வாயைத் திறந்தேன். கண்ணாடியில் அவள் கண்களைப் பார்த்தேன். சொன்னால் இவள் என்னை வெறுத்துவிடுவாளே என்று பயம் வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, எல்லாருக்கும் களைப்பு" என்றேன்.

கோழை! வேறென்ன சொல்ல?

அடுத்த ஞாயிறும் அதற்குப் பிறகும் அவள் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் போய்விட்டாள். என்ன ஆயிற்று என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். "நான்தான் எல்லாத்தையும் சொன்னேனே, சிரிச்சுக்கிட்டுதான் போனா. இப்போ வேற பெரிய குழுவுல சேர்ந்துட்டாளாம்" என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! "ஒரு படம் ஹிட் ஆனதும் தலைக்கனம்" என்றான் பிரபு. கல்பனாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு யாரும் அவளை அழைக்கவில்லை.

தை பிறந்ததும் ஒரு நாள் ஜெனிஃபர் என் வீட்டுப் படியேறி வந்தாள். கல்யாணமாம். உறை ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எனக்கும், மற்ற ஐவருக்கும்.

"நீங்களே குடுத்துடுங்கக்கா. அவங்க மூஞ்சில முழிக்க எனக்கு ஒரு மாதிரியா கீது. என் மேல இன்னா கோவம்னு தெரியல, ஆனா கல்யாணம்னா வருவாங்க இல்ல? நீங்க கூட்டிகினு வாங்கக்கா."

கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் பார்வையிலிருந்து மறையும்வரை மாடியில் நின்று கையசைத்தேன்.

கொடுத்தால் என்ன ஆகும்? அவர்கள் போவார்கள். "எங்களை ஏன் விட்டுப் போனாய்?" என்று கேட்பார்கள். "நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" என்று அவள் கேட்பாள். இரண்டு கேள்விகளும் சேர்ந்து என் வாசலுக்கு வரும். பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிஞ்சும்? உறைகளை உடைகள் வைக்கும் பெட்டிக்கு அடியில் போட்டேன், கிரீடங்களுக்குக் கீழே.

காலையில் தேவாலயத்துக்கு நான் போகவில்லை. மாலை வரவேற்புக்கு மட்டும் போனேன். ஏன் போனேன்? தெரியவில்லை... பரிசைக்கூட வாங்கி வைத்திருந்தேன். மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை; உறவு முழுக்கத் திரண்டிருந்தது. ஆனால் மேடைக்கு எதிரே முதல் வரிசையில் ஆறு நாற்காலிகளை யாரும் உட்காராதபடி துப்பட்டாவால் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் உட்காரப் போனார். "அது ஜெனி அக்கா ஃபிரெண்ட்ஸுக்கு, தாத்தா" என்று ஒரு சிறுமி அவரைத் தடுத்தாள்.

ஜெனிஃபர் மேடையில் நின்றாள். ஒவ்வொருவரோடும் படத்துக்குச் சிரித்தாள். அவர்கள் இறங்கியதும் வாசலைப் பார்த்தாள்.

அதே முகம்!

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போது எனக்கு அழுகை வந்தது என்றா நினைக்கிறீர்கள்? காலி நாற்காலிகள் கீழே, அவள் மேலே, வெளிச்சம் பக்கவாட்டில்... எத்தனை நல்ல படம் என்றுதான் முதலில் நினைத்தேன். கை தானாகப் பைக்குள் கைபேசியைத் தேடியது. இதை இதுவரை எந்த மனிதரிடமும் நான் சொன்னதில்லை.

படம் எடுக்கவில்லை. பரிசோடு திரும்பி நடந்தேன்.

மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, யாரும் வரல. பரவால்ல. அன்னிக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா இனிமே யார்கிட்டயும் அப்டி நடந்துக்க மாட்டேன்."

"எல்லாருக்கும் வேலைம்மா. நல்லா இரு" என்று பதில் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிஞ்சின. இப்போதும் எல்லாரும் வருகிறார்கள். அக்கா அக்கா என்கிறார்கள். அவர்கள் அக்கா என்று அழைப்பது யாரை? அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. அவர்கள் நடுவில் உட்கார்ந்து சிரிக்கும்போது, கிண்டி ரயிலில் முன்பின் தெரியாதவர்களோடு நிற்பதுகூட இதைவிடத் தேவலை என்று தோன்றுகிறது.

போன வாரம் திருநீர்மலை அடிவாரத்தில் படப்பிடிப்பு. இடைவேளையில் கல்பனா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஜெனி இருந்திருந்தா நல்லாருக்கும் இல்லக்கா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில், அந்த மலைப் படியில் உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். "அவதான் நம்மள மறந்துட்டாளே" என்றேன்.

அவளுடைய எண் என் கைபேசியில் இருக்கிறது. அவள் கேள்வியும் அப்படியே இருக்கிறது. முன்பின் தெரியாத உங்களுக்கு இவ்வளவு எழுதினேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவளுக்கு ஒரு வரி... இன்னும் எழுதவில்லை.